நறவுக் கொடியும் நகர எல்லையும்: போதைக்கு உரிமம் வழங்கிய ஓர் ஊரின் வரலாறு

பட்டினப்பாலையை வகுப்பில் நடத்தும்போது நாம் ஒவ்வோர் ஆண்டும் சற்று நின்று விளக்குகிற பகுதி ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசைப்படுத்துகிற பகுதி அது. தெய்வத்துக்கு எடுத்த கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் உயர்த்திய கொடி, துறையில் நிற்கும் மரக்கலங்களின் பாய்மரக் கொடி என்று சொல்லிவரும் புலவர், அதே மூச்சில் கள் விற்கும் மனைகளின் வாயிலில் ஆடும் கொடியையும் சொல்கிறார். தெய்வத்துக்கும் கல்விக்கும் வணிகத்துக்கும் கள்ளுக்கும் ஒரே வானில் கொடிகள் பறந்தன என்று சொல்லி நாம் நிறுத்துவோம். மாணவர்கள் சிரிப்பார்கள். அடுத்த அடிக்குச் செல்வோம்.

ஓர் ஆண்டு, முன் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி சிரிக்கவில்லை. "ஐயா, அந்தக் கடைக்குக் கொடி கட்ட யார் அனுமதி கொடுத்தது? பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டார்களா?" என்று எழுந்து கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் இதற்கு உதவ மாட்டார். அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தோம். கேள்வி மட்டும் நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் குடியிருந்த தெருவின் முனையில் அந்த மாதம்தான் ஒரு மதுக்கடை திறப்பதாகப் பேச்சு இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

அக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை. இன்று உலகின் பல நகரங்கள் இதே கேள்வியை வேறொரு பொருளை முன்வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினர். 2014 ஜனவரி 1 அன்று முதற்கடைகள் திறந்தன. உருகுவே 2013-இல் சட்டம் இயற்றியது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் விற்பனையை அனுமதித்தது. தடை நீங்கியவுடன் நகர நிர்வாகங்கள் முன் வந்து நின்றவை தத்துவக் கேள்விகள் அல்ல. கடை எந்தத் தெருவில்? பள்ளியிலிருந்து எத்தனை அடி தள்ளி? மொத்தம் எத்தனை கடை? எத்தனை மணி வரை? வரி யாருக்கு? பக்கத்து மாநிலத்தார் வந்து வாங்கினால் என்ன செய்வது? இவை புதிய கேள்விகள் என்று அந்நாட்டு இதழ்கள் எழுதின. புதுச்சேரிக்காரர்களான நமக்கு அவை நன்கு பழகிய கேள்விகள். கஞ்சா இங்கே சட்டவிரோதமானது. அதைப் பற்றி நாம் பரிந்து பேச வரவில்லை. ஆனால் அண்டை நிலம் விலக்கிய ஒரு போதைப்பொருளை உரிமம் கொடுத்து விற்று வாழ்ந்த ஒரு சிற்றூரின் அனுபவம் நம்மிடம் நீண்டு கிடக்கிறது.

மரமேறத் தடை

ஊரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோம நாட்டு மண்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. திராட்சை மது, ஒலிவ எண்ணெய், மீன்சாறு ஆகியவை அத்தகைய சாடிகளில் கடல்கடந்து வந்தன. யவனர் கொணர்ந்த தேறலை அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிற புறநானூற்றுப் பாடலுக்கு (56) மண்ணிலிருந்து கிடைத்த சான்று போன்றது அது. ஆக, இவ்வூருக்கும் அயல்நாட்டு மதுவுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

ஆனால் உறவு வேறு, ஒழுங்குமுறை வேறு. பட்டினப்பாலையில் சுங்க அலுவலர்கள் பொதிகள்மேல் புலிமுத்திரை பொறிக்கிறார்கள். கள் மனைகளில் கொடி ஆடுகிறது. இரண்டையும் இணைக்கும் செய்தி எதுவும் பாட்டில் இல்லை. அந்த இணைப்பு நமக்குக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும்தான் கிடைக்கிறது. பல்லவர், சோழர் கால ஆவணங்களில் வரும் 'ஈழப்பூட்சி' என்பது கள் இறக்குவோர் செலுத்திய வரி. 'ஈழம்' என்ற சொல்லுக்குக் கள் என்ற பொருளும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். வரியைக் காட்டிலும் நம் கவனத்தை ஈர்ப்பது இன்னொரு விதி. பிராமணர்க்குப் பிரமதேயமாக விடப்பட்ட ஊர்களில் தென்னையிலும் பனையிலும் கள் இறக்குவோர் ஏறக்கூடாது என்று சோழர் செப்பேடுகள் விதிக்கின்றன.

இதை ஒழுக்க விதியாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். நாடு முழுவதற்கும் கள் தடை செய்யப்படவில்லை. குறிப்பிட்ட ஊர்களின் நான்கெல்லைக்குள் மட்டும் அத்தொழில் கூடாது என்றார்கள். எல்லைக்கு வெளியே அதே தொழில் வரி செலுத்தி நடந்தது. இன்றைய நகரமைப்பு அலுவலர் பள்ளி, கோயில்களைச் சுற்றி வட்டம் போட்டு 'இதற்குள் கடை கூடாது' என்பதன் மூத்த வடிவம் இதுவே. அந்த வட்டத்தின் நடுவில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீமையிலிருந்து காக்கப்படும் உரிமை அன்று ஒரு சாராருக்கு அளிக்கப்பட்டது. தொழிலின் இழிவு இன்னொரு சாராரின் தலையில் ஏற்றப்பட்டது. இடவரையறை என்பது எக்காலத்திலும் 'யாருடைய தெரு?' என்ற கேள்வியே.

குத்தகை என்னும் ஆட்சிமுறை

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வணிகக் குழுமத்தின் கொடியை நட்டார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை (1736-1761) புரட்டுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் சொற்களில் ஒன்று 'குத்தகை'. கிராமங்களின் வருவாயும் பலவகை வரிகளும் குத்தகைக்கு விடப்பட்ட காலம் அது. அதிகத் தொகை கேட்டவருக்கு உரிமை. அவர் மக்களிடம் வசூலித்துக்கொள்வார். அரசுக்குத் தவணை தவறாமல் பணம் வரவேண்டும். வசூலிக்கும் ஆளையும் கணக்கனையும் காவலையும் குழுமம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. குறைந்த செலவில் நடத்தப்பட்ட ஆட்சி என்று இதைச் சொல்லலாம்.

இம்முறையின் விளைவு பின்னாளைய சாராயக்கடை வரை நீள்கிறது. குத்தகைதாரர் ஆண்டு முடிவதற்குள் தம் பணத்தை எடுத்தாக வேண்டும். எனவே விற்பனை பெருகுவதே அவருக்கு நலம். அவரிடமிருந்து அடுத்த ஆண்டு இன்னும் அதிகத் தொகை எதிர்பார்க்கும் அரசுக்கும் அதுவே நலம். குடிப்பவர் குறையவேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் வரிசையே இல்லை.

போதை எவ்வாறு அரசுகளுக்கிடையிலான பண்டமாற்றுப் பொருளாக இருந்தது என்பதற்கு 1815 மார்ச் 7 அன்று இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை நல்ல சான்று. நெப்போலியன் காலப் போர்களில் ஆங்கிலேயர் பிடித்த ஊர்களைப் பிரெஞ்சுக்காரர் திரும்பப் பெறும் நேரம். பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வணிகத்தை ஆங்கிலேயர் தம் கட்டுப்பாட்டில் கொண்டனர். ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தருவதாக ஒப்பினர். அதே உடன்படிக்கையில், கல்கத்தா ஏலத்தின் சராசரி விலைக்கு ஆண்டுதோறும் 300 பெட்டி வரை அபின் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கவும் ஏற்பாடாயிற்று. உப்பும் அபினும் ஒரே தாளில் எழுதப்பட்டன. புதுச்சேரி 1816 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்தபோது, அதன் கருவூலத்தின் ஒரு பகுதி இவ்வாறு அண்டை அரசோடு பின்னப்பட்டிருந்தது.

1879-இல் பொது மன்றம் அமைந்தது. 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணையால் கொம்யூன்கள் உருவாயின. புதுச்சேரி நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், பெரியவர்கள் 'மேர்' என்று அழைத்த நகரத்தலைவரும் வந்தனர். சென்னை மாகாணத்துத் தமிழர்களுக்கு வாக்குரிமை எட்டாக்கனியாக இருந்த காலத்தில் இங்குள்ள ஆடவர்கள் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள் என்பது பெருமைக்குரிய செய்திதான். (அத்தேர்தல்களில் நடந்த அடிதடிகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.) ஆனால் சாராயம், கள் மீதான வரி குடியேற்ற அரசின் வரவு செலவுத் திட்டத்தைச் சேர்ந்தது. தெருவிளக்கும் சாக்கடையும் நகர மன்றத்துக்கு. சாராயப் பணம் மேலிடத்துக்கு. இந்தப் பாகப்பிரிவினையை நினைவில் கொள்க. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

கஞ்சாவை விசாரித்த ஆணையம்

இதே காலத்தில் ஆங்கிலேய இந்தியாவில் நடந்த ஒரு விசாரணை இன்றைய விவாதங்களுக்கு முன்னோடி எனலாம். இந்தியாவில் கஞ்சாவைத் தடை செய்யவேண்டுமா என்ற கேள்வி இலண்டன் நாடாளுமன்றத்தில் எழ, 1893-இல் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் தலைமையில் எழுவர். அவர்களுள் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894-இல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தனர். அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு, முழுத்தடை தேவையுமில்லை, நடைமுறைக்கு ஒத்துவருவதுமில்லை என்பது பெரும்பான்மை முடிவு. பயிரிடுவதற்கு உரிமம், கிடங்கில் சேமிப்பு, மிதமான வரி, கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு ஆகிய வழிகளால் பயன்பாட்டைக் கட்டுக்குள் வைக்கலாம் என்றனர். வங்காளத்து நவகாவ் வட்டாரத்தில் பயிரிடுவோர் உரிமம் பெற்றுப் பயிரிட்டனர். 1917-இல் கூட்டுறவுச் சங்கமே அமைத்துக்கொண்டனர். சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டம் சாராயம், கள்ளோடு கஞ்சாவையும் உரிமத்துக்குள் வைத்திருந்தது.

பின்னர் காற்று மாறியது. 1961-இன் பன்னாட்டு ஒப்பந்தத்தில் கஞ்சா அபினோடு சேர்க்கப்பட்டது. இந்தியா 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு நவம்பர் 14 முதல் நடைமுறைப்படுத்தியது. அப்போதும் ஒரு கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. கஞ்சா என்ற வரையறைக்குள் செடியின் பூக்குலையும் பிசினும் அடங்கின. தனித்து நிற்கும் இலையும் விதையும் அடங்கவில்லை. அதனாலேயே இலையை அரைத்துச் செய்யும் பாங்கு, வடமாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. வாரணாசிக்கோ ஜெய்சால்மருக்கோ சுற்றுலா சென்ற நண்பர்கள் அக்கடைகளைப் பார்த்திருக்கலாம். கொலராடோவைப் பார்த்து வியப்பவர்கள் நம் நாட்டின் அப்பலகைகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தடையின் மறுகரை

புதுச்சேரியின் தனிக்கதை உண்மையில் தொடங்குவது 1937 அக்டோபர் 1 அன்று, இவ்வூரிலிருந்து வெகுதொலைவில் உள்ள சேலம் மாவட்டத்தில். இராஜாஜியின் அமைச்சரவை அன்று அங்கே மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. குடியைக் கைவிட விரும்பும் அரசுக்கு வேறு வருவாய் வேண்டும் என்ற எளிய உண்மையை அவர் உணர்ந்திருந்தார். போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு மீண்டும் படிப்படியாக விரிந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் தழுவியது.

ஓமந்தூர் எங்கே இருக்கிறது? திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் வழியில். மாகாணத்துக்கு முழு மதுவிலக்குத் தந்தவரின் சொந்த ஊர், மதுவிலக்கு இல்லாத பிரெஞ்சுப் பகுதிக்கு அருகே இருந்தது. புதுச்சேரி ஒரே நிலத்துண்டு அன்று. அண்டை மாவட்டத்தின் வயல்களுக்குள் சிதறிய பல துண்டுகளின் தொகுப்பு அது. ஒரு வாய்க்காலின் இக்கரையில் குற்றமாக இருப்பது அக்கரையில் உரிமமுள்ள வாணிகம். அந்நிலத்தில் நடந்துசெல்பவன் ஒரே மாலையில் பலமுறை குற்றவாளியாகவும் குற்றமற்றவனாகவும் மாறக்கூடும்.

கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவுற்றது. கொடி மாறியது, கடை மாறவில்லை. 1970-இல் பிரெஞ்சுக்கால ஆணைகளுக்கு மாற்றாகப் புதுச்சேரிக் கலால் சட்டம் வந்தது. மொத்த விற்பனை, சில்லறை விற்பனை, சுற்றுலா விடுதி என்று அயல்நாட்டு வகை மதுவுக்கு உரிமங்கள் பிரிந்தன. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலத்துக்கு விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் மாதந்தோறும் கிஸ்தி கட்டவேண்டும். சாராயம் அரசின் வடிசாலையிலிருந்து வரும். ஆனந்தரங்கப் பிள்ளை இன்று எழுந்து வந்தால், வேறெதுவும் புரியாவிட்டாலும், ஏலக்கூடம் அவருக்குப் புரிந்துவிடும்.

அப்பால், தமிழ்நாட்டின் கதவு திறந்து திறந்து மூடியது. 1971 ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கு தளர்ந்தது. 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-இலும் மறுபடி 1991-இலும் சாராயம் விலக்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையே அரசின் கைக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு கதவு மூடும்போதும் இங்கே கூட்டம் பெருகியது. பிரபஞ்சனின் தந்தையார் இவ்வூரில் கள்ளுக்கடை நடத்தியவர் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. அத்தொழிலில் வாழ்ந்தவர்கள் அனைவரும் தீயவர்கள் என்று எண்ணும் எளிய மனம் நமக்கு இல்லை. மரமேறியும் கடை வைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இவ்வூரில் உண்டு.

தடையால் மட்டும் எல்லாம் சீராகிவிடும் என்று சொல்லவும் நம்மால் இயலவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் மக்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாராயம் விலக்கப்பட்ட, ஆனால் அரசு மதுக்கடைகள் நிறைந்த மாநிலத்தில், மலிவு தேடிய கூலித் தொழிலாளர்கள் அவர்கள். ஒழுங்குமுறைக்கு வெளியே விடப்பட்ட குடி என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உரிமம் என்ற ஏற்பாட்டின் மெய்யான நியாயம் இங்கேதான் இருக்கிறது: குடிக்கிறவன் உயிரோடு வீடு திரும்பவேண்டும்.

ஐந்நூறு மீட்டரும் ஒத்த விலையும்

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு ஒழுங்குமுறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டின.

முதலாவது, நெடுஞ்சாலை வழக்கு. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள இடங்களில் இத்தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. புதுச்சேரி போன்ற ஒடுங்கிய ஊரில் 500 மீட்டர் என்பது ஒரு பேட்டையையே விழுங்கும் தூரம். அவ்வாண்டு ஏப்ரலில் சாலையோரக் கடைகள் பல மூடின. சில உள்தெருக்களுக்கு இடம் தேடின. சாலை விபத்தைக் குறைக்க எழுந்த நல்ல விதி, அதுவரை கடையைக் காணாத குடியிருப்புகளின் வாசலுக்குக் கடையைத் தள்ளியது. பின்னர் 2017 ஜூலை 11 அன்று, நகராட்சி எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நகராட்சி எல்லை என்ற கோடு, ஒரே நாளில் கடைகளின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் கோடாயிற்று.

இரண்டாவது, பெருந்தொற்றுக் கால வரி. 2020 மே 25 அன்று கடைகள் மறுபடி திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்கு நிகராகும்படி சிறப்பு வரி விதிக்கப்பட்டது. விலை குறைவு என்பதற்காக எல்லை கடந்து கூட்டம் வந்தால் நோயும் வரும் என்ற அச்சமே காரணம். 2021 ஏப்ரல் வரை அவ்வரி நீடித்தது. 'எல்லையூரின் விலை வேறுபாட்டை நீக்க முடியாது' என்று சொல்லிவந்த ஊரில், தேவை வந்தபோது அது நீக்கப்பட்டது. தேவை தீர்ந்ததும் பழைய விலை திரும்பியது. முடியாமை அல்ல, மனமின்மையே தடை என்பதை அந்தப் பத்து மாதங்கள் காட்டின.

மனமின்மைக்கும் காரணம் உண்டு. இராஜாஜி மதுவுக்கு மாற்றாகக் கண்டுபிடித்த விற்பனை வரி, 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரிக்குள் பெரும்பாலும் கரைந்தது. குடிக்கும் மது அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஓர் அரசு தன் விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய வரிகள் மிகச் சிலவே எஞ்சின. அவற்றுள் மது தலையாயது. 2011 கணக்கெடுப்பின்படி 12,47,953 பேர் மட்டுமே வாழ்ந்த சிறு ஆட்சிப்பகுதி இது. விளைநிலம் குறைவு; மரபான பஞ்சாலைகள் நலிந்தன. இந்நிலையில் மதுவை விட்டுவிடு என்று சொல்வது எளிது. நமது ஊதியமும் அதே கருவூலத்திலிருந்துதான் வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

தென்வரும் மாஸ்திரிக்தும்

கொலராடோ சட்டம் ஒன்றைத் தெளிவாகச் செய்தது. தம் எல்லைக்குள் கஞ்சாக் கடை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நகரங்களே முடிவு செய்யலாம் என்றது. தென்வர் நகரம் ஏற்றது. மாநில உரிமத்தோடு நகர உரிமமும் வேண்டும், பள்ளியிலிருந்து ஆயிரம் அடி விலகியிருக்கவேண்டும் என்று விதித்தது. அருகிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் பத்தாண்டுகளுக்கு மேல் மறுத்துவந்து, 2024 நவம்பரில் வாக்காளர்களின் தீர்ப்புக்குப் பின்னரே பொழுதுபோக்கு விற்பனைக்கு வழிவிட்டது. அண்டை மாநிலங்களான நெப்ராஸ்காவும் ஒக்லகோமாவும், உங்கள் கடைச் சரக்கு எங்கள் ஊருக்கு வருகிறது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தை நாடின. 2016-இல் அம்மனு ஏற்கப்படவில்லை. திண்டிவனம் சாலையில் கோரிமேட்டைக் கடக்கும் பேருந்துகளைச் சோதிக்கும் காவலரைப் பார்த்துப் பழகிய நமக்கு அவ்வழக்கின் பொருள் உடனே விளங்குகிறது.

நெதர்லாந்தின் எல்லையூரான மாஸ்திரிக்து இன்னும் நெருங்கிய உறவு. அங்கிருந்த 14 கஞ்சாக் கடைகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10,000 பேர் வந்தனர். அவர்களில் 70 விழுக்காட்டினர் நாட்டின் குடிகளே அல்லர். நகரத்தலைவர் வெளியாருக்கு அனுமதி மறுத்து, விதியை மீறிய கடையை மூடினார். அது செல்லும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இந்த ஊர்கள் எடுத்த முடிவுகள் சரியா என்பது நம் விவாதம் அன்று. முடிவெடுக்கும் இடத்தில் ஊர் இருந்தது என்பதே நாம் சுட்டவிரும்புவது.

இங்கே? அரசியலமைப்பின்படி மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 1992-இன் 74-ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கென வகுத்த 18 பணிகளில் மதுக்கடை உரிமம் இல்லை. குப்பை அள்ளுவது நகராட்சி. கடைக்கு இடம் தருவது கலால் அதிகாரம். 1880-இன் பாகப்பிரிவினை அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, 1968-க்குப் பின் 2006-இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அம்மன்றங்களின் காலம் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் வழக்கில் நின்றது. கடற்கரைச் சாலையில் 2014 நவம்பரில் இடிந்துவிழுந்த மேரி கட்டடத்தை அழகாக மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். அந்தப் பெயருக்குரிய மேர் வந்து அமர்வதற்குத்தான் தேர்தல் இல்லை.

நம் நாட்டிலேயே வேறு வழி உண்டு. மராட்டிய மாநிலத்தில், வாக்காளர்கள் வாக்களித்துத் தங்கள் ஊரின் மதுக்கடையை மூடும் விதி இருக்கிறது. நிற்கும் புட்டி, படுத்த புட்டி என்று இரண்டு படங்கள். படுத்த புட்டிக்குப் பெரும்பான்மை கிடைத்தால் கடை மூடப்படும். பெண்கள் திரண்டு படுக்கவைத்த புட்டிகள் பல. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், போதைப்பொருள் விற்பனையைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. காட்டுக் கிராமத்துக்குக் கிடைத்த உரிமை, பிரெஞ்சுக் குடியரசின் வாக்குச்சீட்டைப் பழகிய நகரத்துத் தெருவுக்குக் கிடைக்கவில்லை.

மாணவிக்கு

சில ஆண்டுகளுக்குமுன் நம் குடியிருப்பை ஒட்டிப் பால்வாடிக்கு அருகே ஒரு கடை வரவிருந்தபோது நாமும் மனுவில் கையெழுத்திட்டோம். ஓர் அலுவலகத்தில், இது எங்கள் பொறுப்பு அன்று என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து அளந்து காட்டி, விதிப்படி தூரம் சரியாக இருக்கிறது என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மை. அளவுகோல் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பால்வாடிக்குப் பேரனை அழைத்துச் செல்லும் மூதாட்டியிடம் கேட்கவேண்டும் என்று எந்த விதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கடை இரண்டு தெரு தள்ளித் திறந்தது. அந்தத் தெருக்காரர்கள் மனு எழுதத் தொடங்கினார்கள். அந்த மனுவில் நாம் கையெழுத்திடவில்லை என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அன்று வகுப்பில் கேட்ட மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவளுக்குத் தரவேண்டிய விடை இவ்வளவுதான்: கொடி கட்ட அனுமதித்தவர்கள் வரி பெற்றவர்கள். சோழன் காலத்தில் சில ஊர்களுக்கு மட்டும் மறுக்கும் உரிமையை ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரன் ஏலத்தில் கொடுத்தான். நம் காலத்தில் விதிமுறைப்படி கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை யாரும் கேட்டதாகச் சான்று இல்லை.

அடுத்த ஆண்டும் பட்டினப்பாலை வரும். கொடிகளின் பகுதியில் இனி நாம் நின்று சிரிக்கவைப்பதில்லை. யார் வீட்டு வாசலில் அந்தக் கொடி ஆடியது என்று நாமே மாணவர்களைக் கேட்கிறோம்.